எத்தனை நொடி, எந்தப் பக்கம்

முப்பத்தோரு ஆண்டுகள் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன் நான். அணைக்கட்டு, கே.வி.குப்பம், பேரணாம்பட்டு வட்டங்களில் நான் முக்காலியை ஊன்றாத ஏரிக்கரை குறைவு. கருவியை முக்காலியில் ஏற்றியதும் முதல் வேலை ரசமட்டம் பார்ப்பதுதான். வளைந்த கண்ணாடிக் குழலுக்குள் ஓடும் குமிழி நடுக்கோட்டில் வந்து நிற்கும்வரை திருகாணிகளைத் திருப்பிக்கொண்டே இருப்போம். அது நிற்காமல் ஒரு கோணத்தையும் எழுத மாட்டோம். அப்படி ஊரார் நிலத்துக்கெல்லாம் மட்டம் பார்த்த எனக்கு, ஓய்வு பெற்ற மறு ஆண்டு சித்திரையில், காட்பாடி வீட்டில், விடியற்காலை நாலரை மணிக்குப் படுக்கையில் வலப்பக்கம் புரண்டபோது சொந்த மட்டம் தவறியது.

சுற்றியது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பீரோ, சன்னல், சுவர்க் கடிகாரம் எல்லாம் ஒரே திசையில் வழுக்கி ஓடின. ஓடிய வேகத்தில் வெடுக்கென்று பழைய இடத்துக்குத் திரும்பி, மறுபடி அதே திசையில் ஓடத் தொடங்கின. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் படம் நிலைகொள்ளாமல் உருண்டு உருண்டு ஓடுமே, அதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கட்டில் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். கீழே விழுவதற்கு இடமே இல்லாத ஒருவன், படுத்த படுக்கையில் விழுந்துவிடுவோம் என்று பயந்தான் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பு வரவில்லை, வாந்திதான் வந்தது.

"என்னாங்க ஆச்சு?" என்று என் மனைவி விளக்கைப் போட்டார். "மயக்கமா வருது" என்றேன். பின்னால் நடந்த குழப்பங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லே வித்து என்பது பல வாரங்கள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. நம் வழக்கில் மயக்கம் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. பல நோய்களை ஒன்றாகப் போட்டுக் கட்டிய மூட்டை. வெயிலில் நின்று கண்ணை இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம், நினைவு தப்பிக் கீழே விழுவதும் மயக்கம், அறை சுழல்வதும் மயக்கம், சர்க்கரை இறங்கிக் கை நடுங்குவதும் மயக்கம், நடக்கையில் கால் தள்ளாடுவதும் மயக்கம். கிறுகிறுப்பு, தலைச்சுற்றல் என்று வேறு சொற்கள் இருந்தாலும், மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் நம் வாயில் வருவது இந்த ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு அக்கா அதைப் பித்தம் என்று முடிவு செய்து எலுமிச்சைச் சாறு கொடுத்து அனுப்பினார். அன்று காலை நான் போன மருத்துவமனையில் இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்ததால் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் எலும்பு தேய்ந்திருந்தது. ஐம்பத்தொன்பது வயதுக்காரனின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியாமல் இருப்பதுதான் அதிசயம் என்பது எனக்கு அப்போது தெரியாது. கழுத்தெலும்பு நரம்பை அழுத்துவதால் தலை சுற்றுகிறது என்று சொல்லி, கழுத்துப் பட்டை ஒன்றும் மூன்று வகை மாத்திரைகளும் கொடுத்தார்கள். ஆறு வாரம் பட்டையோடு திரிந்தேன். படுத்தால் சுற்றியது, எழுந்தால் சுற்றியது, பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க அண்ணாந்தால் சுற்றியது. மாத்திரை போட்டதில் பகலெல்லாம் தூக்கக் கலக்கமும் சேர்ந்துகொண்டது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு உறவினர்களை அழைத்துப் போனபோது, கல்யாண மண்டபத்து விதானச் சிற்பத்தைக் காட்டுவதற்காகத் தலையை நிமிர்த்தியவன் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு மேலே பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

அந்த ஆறு வாரத்தில் ஒருவரும் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. எத்தனை நொடி சுற்றுகிறது? எந்தப் பக்கம் திரும்பினால் சுற்றுகிறது?

அவற்றைக் கேட்டவர் வேறொரு இடத்தில் இருந்த காது மூக்கு தொண்டை மருத்துவர். என் மகள் வயதுப் பெண்.

"சுத்தல் ஆரம்பிச்சா எவ்ளோ நேரம் இருக்கும் ஐயா?"

"ரொம்ப நேரம்மா. அரை மணி நேரம் இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. பட்டையைக் கழற்றச் சொல்லி, கழுத்தைத் தொட்டும் மெல்லத் திருப்பியும் பார்த்தார். பிறகு கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை வலப்பக்கமாக நாற்பத்தைந்து பாகை திருப்பி, "கண்ணை மூடக் கூடாது, சுத்த ஆரம்பிச்சதும் சத்தமா எண்ணுங்க" என்று சொல்லிச் சட்டென்று பின்னால் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கியது. மூன்று நான்கு நொடிகள் ஒன்றுமே இல்லை. அதன்பின் கூரை புறப்பட்டது. அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். இருபத்துநான்கில் கூரை நின்றது.

அரை மணி என்று நான் சொன்னது இருபத்துநான்கு நொடி! வயிற்றுப் புரட்டலும் வியர்வையும் பயமும் அரை மணி நீடித்திருக்கும், சுழற்சி நீடிக்கவில்லை. வரப்புத் தகராறில் அரையடியைக்கூட விட்டுக்கொடுக்காமல் அளந்து காட்டியவன், தன் உடம்பின் கணக்கில் இவ்வளவு பிழை செய்தேன். மருத்துவரோ நான் எண்ணியதைக் காட்டிலும் என் கண்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். அந்த இருபத்துநான்கு நொடியும் என் கருவிழிகள் மேல்நோக்கியும், வலக்காதுப் பக்கமாக முறுக்கிக்கொண்டும் துடித்ததாகச் சொன்னார். டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்த சோதனை அது. எக்ஸ்ரேயும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். ஒரு கட்டில் போதும்.

நோயின் பெயர் நீளமானது என்பதால் எல்லோரும் பி.பி.பி.வி. என்ற நான்கு எழுத்துகளாகச் சொல்கிறார்கள். தலையின் நிலை மாறும்போது மட்டும் திடீரெனக் கிளம்பி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும், உயிருக்கு ஆபத்தில்லாத சுழற்சி என்பது அதன் பொருள். காதிலிருந்து வரும் தலைச்சுற்றலில் மிகப் பரவலானது இதுதான். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கும் அதிகமாக வருகிறது. இளைஞர்களுக்கு வந்தால் தலையில் அடிபட்டதுண்டா என்று கேட்கிறார்கள்.

அதன் காரணத்தை மருத்துவர் படம் போட்டுக் காட்டியபோது எனக்கு என் பழைய கருவியே நினைவுக்கு வந்தது. உட்காதில் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தான மூன்று தளங்களில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றுள் நீர் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது குழல் திரும்பும், உள்ளே இருக்கும் நீர் சற்றுப் பின்தங்கும். அந்தப் பின்தங்கல், குழலின் அடியில் மடல்போல் நிற்கும் பசைத் தடுப்பை வளைக்கும். அந்த வளைவைப் படித்துத்தான் தலை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று மூளை அறிகிறது. அதே கணத்தில் கண்களை எதிர்ப்பக்கம் அதே அளவு நகர்த்தவும் செய்கிறது. குண்டும் குழியுமான சாலையில் பேருந்தில் போகும்போதும் கடைப் பலகையைப் படிக்க முடிகிறதே, அது இதனால்தான். குழல்களுக்குக் கீழே இருக்கும் சிறு பைக்குள் பசைப் படலம் ஒன்றும், அதன்மேல் பரப்பியதுபோல் கால்சியம் கார்பனேட் துகள்களும் உண்டு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு காற்றுப்பட்டு இறுகினால் என்ன ஆகிறதோ, அதே பொருள்தான். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு இருக்கும். தலை சாய்ந்தால் அவற்றின் எடை சரியும்; சாய்வு தெரியும். அதாவது நம் ஒவ்வொரு காதிலும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் சேர்ந்தே இருக்கின்றன.

வயதாகும்போது அந்தத் துகள்களில் சில உதிர்ந்து, அவை இருக்கக் கூடாத குழலுக்குள் போய்விடுகின்றன. பெரும்பாலும் பின்பக்கக் குழலுக்குள். படுக்கும்போது அதுதான் பள்ளம். கொத்தனார்கள் வீட்டுக்கு மட்டம் எடுக்க நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயைப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் இரண்டு முனைகளும் இரண்டு மட்டம் காட்டும். கொத்தனார் குழாயை உதறுவாரே தவிர, சுவரை இடிக்க மாட்டார். என் காதில் மாட்டியது குமிழி அல்ல, மணல். புரண்டு படுத்ததும் மணல் குழலில் உருள்கிறது. உருளும்போது நீரைத் தள்ளுகிறது. தலை நின்ற பிறகும் நீர் நகர்வதால், தலை இன்னும் சுழல்வதாக அந்தக் காது சொல்கிறது. மற்றொரு காதும் கண்ணும் இல்லை என்கின்றன. மணல் அடியில் போய்த் தங்கியதும் எல்லாம் அடங்குகிறது. தொடக்கத்தில் அந்த மூன்று நான்கு நொடித் தாமதம் ஏன், ஒரு நிமிடத்துக்குள் ஏன் முடிகிறது, மறுபடி புரளும்வரை ஏன் ஒன்றுமில்லை என்ற கேள்விகள் அத்தனைக்கும் இந்த ஒரே விளக்கத்தில் விடை இருக்கிறது.

மணலுக்கு மாத்திரை கிடையாது. வந்த வழியே அதை உருட்டி வெளியே தள்ள வேண்டும். மருத்துவர் அதைத்தான் செய்தார். வலப்பக்கம் திரும்பித் தொங்கிய தலையை, சுழற்சி நின்ற பிறகும் அரை நிமிடம் அப்படியே வைத்திருந்தார். பிறகு தலையை இடப்பக்கம் தொண்ணூறு பாகை திருப்பி அரை நிமிடம். பிறகு உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி அரை நிமிடம். கடைசியில் முகவாய் மார்பை நோக்கியபடி கால்களைத் தொங்கப்போட்டு மெல்ல எழுப்பி உட்காரவைத்தார். எல்லாம் நான்கைந்து நிமிடத்துக்குள் முடிந்தது. சற்று இளைப்பாறிய பின் மறுபடி வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். கூரை கூரையாகவே இருந்தது. ஆறு வாரமாக எனக்கு அப்படி ஒரு கூரை அமையவில்லை.

இந்த முறையை வகுத்தவர் அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருந்த ஜான் எப்லி என்ற காது மருத்துவர். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி நோயைக் குணப்படுத்துகிறேன் என்று அவர் 1980இல் சகாக்களுக்குச் செய்து காட்டியபோது நம்பியவர்கள் குறைவு. அவருடைய விரிவான கட்டுரை 1992இல்தான் அச்சேறியது. அவருக்கும் முன்னோடி ராபர்ட் பரானி. காதில் அழுக்கெடுக்கக் குளிர்ந்த நீரைப் பாய்ச்சினால் நோயாளிக்கு ஏன் தலை சுற்றுகிறது, சூடான நீரைப் பாய்ச்சினால் கண் ஏன் எதிர்த்திசையில் துடிக்கிறது என்று வியன்னாவில் இருந்தபடி யோசித்தவர். அந்த ஆராய்ச்சிக்கு 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார். ஸ்வீடன் இளவரசர் ஒருவர் பேசித்தான் 1916இல் விடுதலை ஆனார். சிறையில் இருப்பவனுக்கு நோபல் பரிசுச் செய்தி வந்தால் அவனுக்குத் தலை சுற்றியிருக்காதா என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான்.

எனக்குக் குணமான செய்தி குடியாத்தத்தில் இருக்கும் மைத்துனருக்கு எட்டியது. அவருக்கும் படுக்கையில் சுற்றல் இருந்தது. கைப்பேசியில் காணொளி பார்த்து, நான் சொன்னபடியே வலப்பக்கத்துக்குச் செய்திருக்கிறார். மூன்று நாள் செய்தும் குறையவில்லை, குமட்டல்தான் மிச்சம். மருத்துவரிடம் போனபோது அவருடையது இடக்காது என்று தெரிந்தது. இன்னும் சிலருக்கு மணல் பின்பக்கக் குழலில் இல்லாமல் கிடைமட்டக் குழலில் இருக்கும். அவர்களுக்குச் சோதனையும் வேறு, உருட்டும் முறையும் வேறு. கழுத்தெலும்பில் கடுமையான பாதிப்பு உள்ளவர்கள், சமீபத்தில் விழித்திரையில் அறுவை செய்துகொண்டவர்கள், மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள் தலையைத் தொங்கவிடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். முதல் முறையை மருத்துவர் கையால் செய்துகொள்வதே நல்லது என்பது என் கருத்து. எந்தக் காது, எந்தக் குழல் என்று தெரிந்த பிறகு வீட்டில் செய்துகொள்ளலாம்.

என் சுழற்சி நின்ற பிறகுதான் என் அம்மா வாய் திறந்தார். அவருக்கு எண்பத்திரண்டு வயது. "எனக்கும் அதே மயக்கம்தாம்பா. எழுந்தா கண்ணு இருட்டிக்கினு வருது. என்னையும் அந்தப் பொண்ணுகிட்ட இட்டுகினு போ, தலையத் திருப்பி உட்டா சரியாப் பூடும்" என்றார். அதே மயக்கம் இல்லை. அவருக்குப் படுக்கையில் எத்தனை முறை புரண்டாலும் ஒன்றும் ஆகாது. எழுந்து நின்றால்தான் வரும், அதுவும் சித்திரை, வைகாசி வெயிலில் அதிகம். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்குப் படுத்த நிலையில் ஒரு முறையும், நின்ற பிறகு ஒரு முறையும் மூன்றாம் நிமிடத்தில் இன்னொரு முறையும் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது எழும்போது இறங்கும் இரத்த அழுத்தம் என்று கொள்கிறார்கள். அம்மாவுக்கு மேல் அளவு 34 இறங்கியது. உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எத்தனையோ முறை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் போட்டுக்கொண்டிருந்த அழுத்த மாத்திரைகளில் ஒன்றின் அளவை மருத்துவர் குறைத்தார். தண்ணீர் அதிகம் குடிக்கவும், கட்டில் விளிம்பில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து பாதங்களை ஆட்டிவிட்டு எழவும் சொன்னார். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் எளிதாகப் போவதற்காகக் கொடுக்கும் சில மாத்திரைகளும் இப்படி அழுத்தத்தை இறக்கும் என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

எங்கள் நைனாவின் கதை வேறு. இளவயதில் அவருக்குக் காசநோய் வந்து, அந்தக் காலத்து வழக்கப்படி மாதக்கணக்கில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். நோய் குணமானது. ஆனால் அதற்குப் பிறகு இருட்டில் அவரால் நேராக நடக்க முடியாது. இரவில் கழனிக்குப் போனால் லாந்தர் இருந்தாலும் வரப்பில் தடுமாறுவார். பகலில் நடந்துகொண்டே பார்த்தால் எதிரே வருபவர் முகம் குதிப்பதாகச் சொல்வார், நின்றால்தான் ஆளைத் தெரியும். குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார் என்று தெருவில் பேசினார்கள். அவர் கள்ளைத் தொட்டதில்லை. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் வகை மருந்துகள் உட்காதில் சமநிலையை உணரும் மயிரணுக்களை அழிக்கக்கூடியவை. அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. இரண்டு காதும் சமமாகப் பழுதானதால் அவருக்குச் சுழற்சி வரவேயில்லை, தள்ளாட்டம் மட்டுமே இருந்தது. அந்த மருந்து இல்லாவிட்டால் அவரும் இல்லை, நானும் இல்லை; ஆகவே அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தெருக்காரர்களைத் திட்டலாம்.

நாம் நிற்பது மூன்று சாட்சிகளை வைத்து என்று அந்த இளம் மருத்துவர் சொன்னது நைனாவை வைத்துத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. கண் ஒன்று, உட்காது ஒன்று, பாதமும் மூட்டும் சொல்லும் தகவல் ஒன்று. இரண்டு ஒத்துப்போனால் நின்றுவிடலாம். நைனாவுக்குக் காது போயிற்று, இருட்டில் கண்ணும் போயிற்று. மிஞ்சியது பாதம் மட்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அந்தப் பாதமும் இல்லை. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடி விழுபவர்கள் இவர்கள்தான். அதை வழுக்கி விழுந்ததாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும், இரவு முழுதும் எரியும் சிறுவிளக்கும் அவர்களுக்கு எந்த மாத்திரையைவிடவும் மேல்.

பிற வகைகளை நான் நேரில் பட்டதில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சுழற்சி இருபது நிமிடம் முதல் சில மணி நேரம் வரை நீடித்து, கூடவே ஒரு காதில் அடைப்பும் இரைச்சலும் வந்து, கேட்கும் திறன் ஏறி இறங்கினால் மெனியர் நோயாக இருக்கலாம். 1861இல் பாரிஸில் புராஸ்பர் மெனியர் சொல்லும்வரை இதை மூளைக்கு இரத்தம் ஏறிய நோய் என்றே கருதினார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு, தலைவலி இல்லாத நாளிலும்கூட, சில நிமிடம் முதல் மூன்று நாள் வரை சுற்றல் வரலாம். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. என் தங்கைக்கு ஏலகிரி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளே போதும். ஒரு காதின் சமநிலை நரம்பு அழற்சி கண்டால் நாள்கணக்கில் விடாமல் சுற்றும், காது கேட்பதில் குறை இருக்காது. கவனியுங்கள்: நொடி, நிமிடம், மணி, நாள். நம் மயக்கம் எப்படிப்பட்டது என்று நாம் விவரிப்பது இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக மாறிவிடுகிறது என்பதால், எவ்வளவு நேரம், எது கிளப்புகிறது என்ற இரண்டையும் வைத்தே இப்போது மருத்துவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள்.

ஒன்றைமட்டும் எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. திடீரென்று தொடங்கி நிற்காமல் சுற்றுவதோடு, பேச்சுக் குழறல், பொருள் இரண்டாகத் தெரிதல், முகமோ கை காலோ ஒரு பக்கம் மரத்தல் அல்லது தளர்தல், விழுங்க முடியாமை, முன்பு இல்லாத கடும் தலைவலி அல்லது பிடரி வலி, ஒரு காது சட்டென்று கேளாமல் போதல், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் அது சிறுமூளையிலோ மூளைத் தண்டிலோ ஏற்பட்ட பக்கவாதமாக இருக்கலாம். எலுமிச்சைச் சாறு பிழிய நேரமில்லை. 108ஐ அழைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. தலைக்கு சி.டி. எடுத்து ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் பின்மூளைப் பக்கவாதம் தொடக்கத்தில் சி.டி.யில் தெரியாமல் போவது சாதாரணம். முதல் ஒன்றிரண்டு நாளில் எம்.ஆர்.ஐ.கூடச் சில நேரம் தவறவிடுகிறது. பயிற்சி உள்ளவர் படுக்கையருகே கண்ணின் அசைவை மூன்று விதமாகச் சோதிப்பது, அந்தத் தொடக்க எம்.ஆர்.ஐ.யைவிட நம்பகமாகக் கண்டுபிடிக்கிறது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

மாத்திரையைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் பகுதியில் மெடிக்கல் கடைக்காரரிடம் "தலைசுத்தலுக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை வாந்தியும் சுழற்சியும் உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று நாளுக்கு உதவும். மாதக்கணக்கில் போட்டால், பழுதான காதின் கணக்கை ஈடுகட்ட மூளை கற்றுக்கொள்வதை அவை தாமதப்படுத்துகின்றன. முதியவர்களுக்கு நீண்ட நாள் கொடுத்தால் கை நடுக்கமும் உடல் விறைப்பும் சேர்ந்து பார்க்கின்சன் நோய் போலவே காட்டும். பிறகு அதற்கு ஒரு மாத்திரை தொடங்குவார்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கும் பீட்டாஹிஸ்டினை, மெனியர் நோயாளிகளிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு ஜெர்மனியில் சோதித்தார்கள். 2016இல் வந்த அந்த முடிவின்படி, தாக்குதல்களின் எண்ணிக்கை எல்லாக் குழுவிலும் ஒன்றுபோலவே குறைந்தது. யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். இதை நான் எத்தனை நாள் போட வேண்டும் என்று கேட்டால் போதும்.

மணல் வெளியேறிய பிறகும் ஒரு வாரம் எனக்கு மெத்தைமேல் நடப்பது போலவே இருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, ஆறு வாரப் பட்டை பழக்கிவிட்ட பயம். தலையைத் தனியாகத் திருப்பாமல் உடம்போடு திரும்பினேன். நேதாஜி மார்க்கெட்டில் எதிரும் புதிருமாக ஆட்கள் வருவதைப் பார்த்தாலே கால் பதறியது. இது முற்றினால் தனி நோயாகவே நிலைத்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்தார். மூன்று மாதத்துக்குமேல் நீடிக்கும் அத்தகைய தள்ளாட்ட உணர்வுக்கு, பரானியின் பெயரால் இயங்கும் பன்னாட்டுச் சங்கம் 2017இல் வரையறை வகுத்திருக்கிறது. எனக்கு அவர் தந்தது பயிற்சி. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை இட வலமாக ஆட்ட வேண்டும், விரல் மங்கக் கூடாது. பிறகு நின்றபடி, பிறகு நடந்தபடி, பிறகு மார்க்கெட்டுக்குள். இங்கிலாந்தில் 1940களில் காதார்ன், குக்சி என்ற இருவர் தலையில் அடிபட்டவர்களுக்காக வகுத்த பயிற்சிகளின் வழிவந்தவை இவை. மொட்டை மாடியில் கட்டைவிரலை நீட்டி மாட்டேன் மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டு நடந்த என்னைப் பார்த்து எதிர்வீட்டுப் பிள்ளைகள் என்ன நினைத்தார்களோ.

இந்த நோய் திரும்பிவரக் கூடியது. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறுபடி வரும் என்று சொல்லியிருந்தார்கள். இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பவர்கள் அதைச் சரிசெய்தால் திரும்புவது குறைகிறது என்பதால் அதையும் சோதித்து மருந்து எடுத்துக்கொண்டேன். எனினும் போன தை மாதம் ஒரு விடியலில் கூரை மறுபடி புறப்பட்டது. இந்த முறை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். மனைவியை எழுப்பி, மறுபடி அதே பக்கம் படுத்து, கைப்பேசி வெளிச்சத்தில் என் கண்களைப் படம்பிடிக்கச் சொன்னேன். "எதுக்குங்க இதெல்லாம்" என்றபடியே பிடித்தார். பழக்கத்தில் வலப்பக்கத்துக்கான உருட்டலைத் தொடங்கப் போனவன், களக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் விடாததால், நாட்குறிப்பில் முதலில் எழுதிவைத்தேன்: காலை 5.10, புரண்ட பக்கம் இடம், 19 நொடி. மருத்துவர் படத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். நாட்குறிப்பை வாங்கிப் படித்தார். "இந்தத் தடவை லெஃப்ட் ஐயா" என்று சொல்லி, அந்த வரியை அப்படியே தம் சீட்டில் எழுதிக்கொண்டு, கட்டிலைக் காட்டினார்.